நலங்கும் ஹளதும் ஒரே வட்டில்: டிவிடி மெனுவுக்கு ஏற்ற மென்பொருள்

டிவிடி மெனு என்பது திரையில் தெரியும் ஒரு படமும், ரிமோட்டின் அம்புக்குறிக்குக் கட்டுப்பட்டு அதன்மேல் நகரும் ஒரு வெளிச்சமும் சேர்ந்தது. வட்டைப் போட்டதும் எது முதலில் ஓட வேண்டும், எந்தப் பட்டன் எங்கே கொண்டுபோக வேண்டும், ஒரு பகுதி முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற கட்டளைகள் அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. வீடியோவை வெட்டி ஒட்டுவது எடிட்டிங். இந்தக் கட்டளைகளை எழுதி, வீடியோவைப் பிளேயருக்குப் புரியும் கோப்புகளாக அடுக்குவது ஆத்தரிங். நல்ல எடிட்டிங் மென்பொருள் கையில் இருந்தும் மெனு சரியாக அமையவில்லை என்றால், பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைக்கென்று தனி மென்பொருளைத் தேடாததுதான் காரணம்.

தமிழ் வீடுகளுக்கு மெனு புதிதல்ல. 2007ல் மோசர் பேயர் நிறுவனம் 34 ரூபாய்க்கு டிவிடியும் 28 ரூபாய்க்கு விசிடியும் விற்கத் தொடங்கியதும் சினிமா வட்டு மளிகைக்கடை வரை வந்தது. அதற்கு முன்பே லண்டனைச் சேர்ந்த ஐங்கரன் இன்டர்நேஷனல் வெளியிட்ட டிவிடிகள் வெளிநாட்டுத் தமிழர் வீடுகளில் அடுக்கியிருந்தன. ஹாலிவுட் படங்களின் மெனுவில் காட்சிகளுக்கு ஒரு பக்கம் இருக்கும். நம் படங்களின் மெனுவில் அதோடு பாடல்களுக்கென்றே தனியாக ஒரு பக்கம் இருந்தது. படம் முழுக்கப் பார்க்க நேரமில்லாதவரும் பிடித்த பாட்டை ஒரே அழுத்தில் போட்டுக்கொள்ளலாம். பார்ப்பவர் எதைத் தேடி வருவார் என்று யோசித்து அமைத்த மெனு அது. சொந்தமாக மெனு செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

புணேயின் ஹடப்சரில் இந்தத் தேவை எப்படி எழுகிறது என்று பார்க்கலாம். அங்குள்ள மகர்பட்டா, அமனோரா குடியிருப்புகளில் கணினி வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுப் பெண்ணுக்கும் மராத்திப் பையனுக்கும் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். வீடியோவை இளையவர்கள் கைபேசியில் பார்த்துவிடுவார்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்கோ, டிவிக்கு அடியில் ஒரு டிவிடி பிளேயரும் கையில் ஒரு ரிமோட்டும்தான் பழக்கம். அவருக்குப் போகிற வட்டில் தமிழ் வேண்டும். பையன் வீட்டாருக்கு மராத்தி வேண்டும். பெண் வீட்டு நலங்கும், மஞ்சள் பூசும் சடங்கான பையன் வீட்டு ஹளதும் அதில் இருக்க வேண்டும். தாலி கட்டுவதையும், மணமக்களுக்கு நடுவே பிடித்த அந்தர்பாட் திரை மங்களாஷ்டகம் என்ற வாழ்த்துப் பாடல் முடிந்து விலகுவதையும் தேடாமல் பார்க்க முடிய வேண்டும்.

இப்படிப்பட்ட மெனுவை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதுதான் சரி. முதல் திரையில் தமிழ், மராத்தி என்று இரண்டே பட்டன்கள். தமிழைத் தொட்டால் நிச்சயதார்த்தம், பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, வரவேற்பு. மராத்தியைத் தொட்டால் சாக்கர்புடா என்ற நிச்சயதார்த்தம், ஹளத், மங்களாஷ்டகம், சப்தபதி. இரண்டு பக்கங்களும் ஒரே வீடியோவின் வெவ்வேறு இடங்களைச் சுட்டுவதால் வீடியோவை இரண்டு முறை வைக்கத் தேவையில்லை, வட்டில் இடமும் கூடுதலாகப் பிடிக்காது. இந்தக் காகிதம் தயாரான பிறகு மென்பொருளைத் தேடினால் தேடல் பாதியாகக் குறையும். “நூறு டெம்ப்ளேட், இருநூறு டெம்ப்ளேட்” என்ற விளம்பரங்கள் தாமாகவே பொருளற்றுப் போகும். அந்த டெம்ப்ளேட்களில் நலங்குக்கோ ஹளதுக்கோ இடமிருக்காது.

மென்பொருளை எடைபோட மெனுவின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும். பின்னணி ஒரு சாதாரணப் படம் அல்லது சிறு வீடியோ. அதன்மேல் துணைப்படம் என்ற மெல்லிய அடுக்கு வருகிறது. வசன வரிகள் காட்டப்படுவதும் இதே அடுக்கில்தான். இதில் ஒரு நேரத்தில் நான்கு நிறங்களுக்கு மேல் வைக்க முடியாது. பட்டன் தேர்வாகும்போது தெரியும் வெளிச்சமும், அழுத்தும்போது மாறும் நிறமும் இந்த அடுக்கிலிருந்துதான் வருகின்றன. ஒரு திரையில் அதிகபட்சம் 36 பட்டன்கள் வைக்கலாம் என்கிறது டிவிடி விதி. ஆனால் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஆறேழு பட்டன்களே போதும்.

ஆகவே சொந்த மெனுவுக்கான மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டியவை இவை. நாமே வரைந்த படத்தைப் பின்னணியாக வைக்க விடுகிறதா? பட்டனை நாம் விரும்பிய இடத்தில், விரும்பிய அளவில் நிறுத்த விடுகிறதா? ஒரு பகுதி ஓடி முடிந்ததும் எந்த மெனுவுக்குத் திரும்ப வேண்டும் என்று நாமே சொல்ல முடிகிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நலங்கு முடிந்ததும் நலங்கு இருந்த பக்கத்துக்கே திரும்பாமல் வட்டு நின்றுபோனாலோ, மராத்திப் பக்கத்துக்குப் போய்விட்டாலோ பாட்டி பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

நான்காவது கேள்வி தமிழருக்கே உரியது: எழுத்து சரியாக வருகிறதா? யூனிகோடு தமிழில் “கொ” என்று தட்டும்போது கணினி சேமிப்பது ககரத்தையும் ஒரு உயிர்க்குறியையும்தான். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது, திரையில் எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. பழைய ஆத்தரிங் மென்பொருள்கள் பலவற்றுக்கு இந்த வித்தை தெரியாது. “கெட்டிமேளம்” என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது தனியே ஒரு புள்ளிவட்டத்தின்மேல் தொங்கும். மராத்தியில் கூட்டெழுத்துகள் உடைந்துபோகும். மென்பொருளை வாங்குவதற்கு முன் அதன் சோதனைப் பதிப்பில் “கொடுத்தோம்”, “கைகோத்து”, “ஸ்ரீ” என்று மூன்று சொற்களைத் தட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தமிழைச் சரியாக வரையத் தெரியாத மென்பொருளாக இருந்தாலும் வழியில்லாமல் போகாது. எழுத்துகளையெல்லாம் பின்னணிப் படத்திலேயே எழுதிவிட்டு, ஆத்தரிங் மென்பொருளில் எழுத்தே இல்லாத வெற்றுப் பட்டன்களை அவற்றின்மேல் வைக்கலாம். கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய இரண்டு வரைகலை மென்பொருள்களும் இலவசம், தமிழையும் தேவநாகரியையும் பிழையின்றி வரையும். இந்த ஒரே உத்தியால் பல ஆயிரம் ரூபாய் மென்பொருளின் தேவை விலகிவிடுகிறது. செலவைக் குறைக்க நினைப்பவர் இதைத்தான் முதலில் பழக வேண்டும்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. அவற்றில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள். எந்த வரிசையில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமோ அதே வரிசையில் தட்டுகிறோம். அதனால் தமிழே தெரியாத மென்பொருளிலும் சொல் உடையாது. மராத்தியில் இதே பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வந்தது ஸ்ரீலிபி. அது புணேயிலேயே மாடுலர் இன்ஃபோடெக் என்ற நிறுவனம் உருவாக்கியது. புணேயில் தலைமையகம் கொண்ட சி-டாக் நிறுவனம் 2005ல் தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் குறுந்தகட்டில் இலவசமாகத் தந்தது. இந்திய எழுத்துகளைக் கணினித் திரையில் நிறுத்திய உழைப்பில் இந்த ஊருக்குப் பெரும் பங்கு உண்டு.

இரு மொழி மெனுவுக்கு எழுத்துருவைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். தமிழுக்கு ஒன்று, தேவநாகரிக்கு வேறொன்று என்று எடுத்தால் இரண்டு பக்கங்களும் இரண்டு வீட்டு அழைப்பிதழ்கள் போலத் தனித்தனியாக நிற்கும். மும்பையின் ஏக் டைப் குழு தேவநாகரிக்கு முக்தாவையும் தமிழுக்கு முக்தா மலரையும் ஒரே குடும்பமாக வடிவமைத்திருக்கிறது. பலூ 2, பலூ தம்பி 2 என்ற தடித்த இணையும் உண்டு. இவை எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை. தடித்த வடிவையே எடுப்பது நல்லது. இந்தியாவில் புழங்கும் பால் (PAL) என்ற டிவி முறையில் டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள்தான். அதுவும் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும் பின்னல் படம். மெல்லிய கிடைக்கோடுகள் பழைய டிவியில் துடிக்கும். மெல்லிய எழுத்தின் சுழியும் புள்ளியும் கரைந்துபோகும், மெய் எழுத்து உயிர்மெய்யாகத் தெரியும்.

நான்கு நிற வரம்பும் இங்கேதான் கடிக்கிறது. தேர்வான சொல்லையே நிறம் மாற்ற முயன்றால் வளைவுகளின் ஓரம் படிக்கட்டாக உடையும். நேர்கோடுகள் மிகுந்த ஆங்கில எழுத்தில் அது அவ்வளவாகத் தெரியாது, வளைவே உயிரான தமிழில் துருத்திக்கொண்டு நிற்கும். சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு சிறு குத்துவிளக்கோ அடியில் ஒரு தடித்த கோடோ ஒளிரும்படி செய்தால் அழகும் கெடாது, தூரத்திலிருந்தும் தெரியும். டெம்ப்ளேட்கள் தோற்பதும் இந்த இடத்தில்தான். “பிளே” என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் “மாப்பிள்ளை அழைப்பு” அடங்காது.

பின்னணிப் படத்தை வரையும்போது இன்னொரு கணக்கும் உண்டு. கணினித் திரையின் புள்ளி சதுரம், டிவிடியின் புள்ளி சதுரமல்ல. அகலத் திரை மெனுவை 1024க்கு 576 என்ற அளவிலும், பழைய 4:3 மெனுவை 768க்கு 576 என்ற அளவிலும் வரைந்து, கடைசியில் 720க்கு 576 ஆகச் சுருக்கினால் முகங்கள் சப்பையாகாமல் வரும். பழைய டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, எழுத்தை நடுவே வைப்பது பாதுகாப்பு.

இனி மென்பொருள்கள். இலவசமானவற்றில் சொந்த மெனுவுக்கு முதலில் கை வைக்க வேண்டியது டிவிடிஸ்டைலர். இது கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நம் படத்தைப் பின்னணியாக இழுத்துப் போடலாம், பட்டனை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், ஒவ்வொரு பட்டனுக்கும் எந்த வீடியோவின் எந்த அத்தியாயம் என்று சொல்லலாம், வீடியோ முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்ற கட்டளையையும் எழுதலாம். மேலே சொன்ன ஹடப்சர் கல்யாண மெனுவை முழுக்க இதிலேயே முடித்துவிடலாம். தோற்றம் பழையது, அமைப்புகளின் பெயர்கள் முதலில் மிரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால் பிடிபட்டுவிடும். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குவதும், நிறுவும்போது கூடவே வேறு ஏதாவது நிறுவச் சொல்லிக் கேட்டால் மறுப்பதும் எந்த இலவச மென்பொருளுக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

டிவிடி ஃபிளிக் இதைவிட எளிது. வீடியோவைப் போட்டால் வட்டு தயார். ஆனால் மெனுவுக்கு அது வைத்திருக்கும் சில கோலங்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மெனு வேண்டாதவருக்கு அது போதும். லினக்ஸின் டெவெடே பின்னணிப் படத்தை மாற்ற விடும், அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7லும் கூடவே வந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8லிருந்து இல்லை. மேக்கின் ஐடிவிடி 2001ல் வந்தது, அழகான மெனுக்களால் பெயர் வாங்கியது, பிறகு ஆப்பிள் அதைக் கைவிட்டுவிட்டது. பழைய கணினியில் இவற்றில் ஏதாவது இன்னும் உயிரோடு இருந்தால் பயன்படுத்தலாம், தேடிப் போக வேண்டியதில்லை.

நிரல் எழுதத் தயங்காதவருக்கு டிவிடிஆத்தர் ஒரு புதையல். டிவிடிஸ்டைலர் உள்ளிட்ட பல மென்பொருள்களின் அடியில் வேலை செய்வது இதுதான். மெனுவின் கட்டளைகளை ஒரு உரைக் கோப்பில் எழுத வேண்டும். சாதாரண நிலை, தேர்வான நிலை, அழுத்திய நிலை என்று பட்டன்களின் மூன்று படங்களைக் கொடுத்தால் கூடவே வரும் ஸ்புமக்ஸ் அவற்றை மெனுவில் கோத்துவிடும். மகர்பட்டாவில் நாள் முழுக்க நிரல் எழுதுகிறவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஒரு முறை எழுதிய கோப்பை அடுத்த கல்யாணத்துக்குப் படங்களை மட்டும் மாற்றி அப்படியே ஓட்டலாம்.

கட்டண மென்பொருளில் ஜப்பானின் பெகாசிஸ் நிறுவனத்தின் டிஎம்பெக் ஆத்தரிங் ஒர்க்ஸ் குறிப்பிடத் தக்கது. மெனுவை நிறையவே மாற்றலாம், புளூரேயும் செய்யலாம், வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்றும் தரமும் நன்று. மாதம் பல வட்டுகள் செய்யும் ஸ்டூடியோவுக்கு மிச்சமாகும் நேரமே அதன் விலையை ஈடுகட்டும். ஒரே ஒரு கல்யாண வட்டுக்காக அதை வாங்குவது தேவையற்ற செலவு. நம் ஊர்க் கல்யாண ஸ்டூடியோக்களில் பரவலாகப் புழங்கும் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மெனுவோடு வட்டு எழுதும் வசதி கூடவே வந்தது. அந்தப் பதிப்பு ஏற்கெனவே இருந்தால் வேறு எதுவும் வாங்கும் முன் அதைத் திறந்து பார்ப்பது நல்லது. அடோபியின் என்கோர், ஃபோட்டோஷாப் கோப்பின் அடுக்குகளையே பட்டன்களாகப் படித்துக்கொள்ளும் அருமையான கருவி. 2012ல் வந்த சிஎஸ்6 பதிப்போடு நின்றுவிட்டது. அதன் திருட்டுப் பிரதிகளைத் தேடி ஓடுவோர் இன்னும் உண்டு. ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் முழுக்க இருக்கும் கணினியில் யாரோ பூட்டுடைத்த மென்பொருளை நிறுவுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

சோதனைப் பதிப்புகளில் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. சில மென்பொருள்கள் எல்லா வசதியையும் திறந்து வைத்துவிட்டு, முடிவில் வீடியோவின் குறுக்கே தங்கள் முத்திரையைப் பதித்துவிடும். சில நேரடியாக வட்டில் மட்டுமே எழுதும், கணினியில் வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமிக்க விடாது. இரண்டு நிமிட வீடியோவை வைத்து முழு வேலையையும் ஒரு தடவை முடித்துப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

மென்பொருள் முடிவானதும் இடக் கணக்கு வருகிறது. ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, கணினியின் கணக்கில் அது 4.37 என்று காட்டும். இரண்டு மணி நேர வீடியோ என்றால் படம், ஒலி எல்லாம் சேர்த்து விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் மூன்றரைக்கு இறங்கிவிடும். நாதஸ்வரக் கூட்டமும் பட்டுச் சேலை ஜரிகையும் கட்டம் கட்டமாக உடைவது அப்போதுதான். நீண்ட கல்யாணத்துக்கு இரண்டு வட்டுகளே மேல். ஒலியை பிசிஎம் ஆக வைத்தால் அதுவே விநாடிக்கு ஒன்றரை மெகாபிட் தின்னும். டால்பி ஏசி-3 ஆக வைத்தால் 192 கிலோபிட்டில் முடியும். மெனுவில் ஓடும் முப்பது விநாடி வீடியோ 22 எம்பி அளவே பிடிக்கும், அதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம். மெனு இசை முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு சிறு தடுக்கல் வரும். மௌனத்தில் முடியும் நாதஸ்வரத் துண்டாக எடுத்தால் அது காதில் உறைக்காது.

அத்தியாயப் புள்ளிகளைக் கெட்டிமேளம் தொடங்கும் நொடியிலேயே வைப்பது தவறு. எம்பெக்-2 வீடியோவில் அத்தியாயம் ஒரு படத்தொகுதியின் தொடக்கத்தில்தான் நிற்க முடியும். வைத்த இடத்திலிருந்து அரை விநாடி வரை நகரலாம். நான்கைந்து விநாடி முன்னால் வைத்தால், ஐயர் கையை உயர்த்துவதிலிருந்தே பார்க்கக் கிடைக்கும்.

வட்டு யாருக்குப் போகிறது என்பதும் முதலிலேயே தெரிய வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் எல்லாம் பால் முறை. அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி, அங்கே படம் 720க்கு 480. நம் ஊர்ப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அந்த இரண்டு நாடுகளின் பிளேயர்கள் பல பால் வட்டை ஏற்காது. டொரண்டோ சித்தப்பாவுக்கு என்டிஎஸ்சியில் தனிப் பிரதி எடுத்து அனுப்பினால் அவர் பெட்டியைத் திறந்து ஏமாற வேண்டியிருக்காது.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் டிவிடி டிரைவ் இல்லை. யூஎஸ்பியில் செருகும் ரைட்டர் ஒன்று தேவைப்படும். ஹடப்சரில் கிடைக்காவிட்டால் புதவார் பேட்டையின் தப்கீர் கல்லி இருக்கிறது, புணேக்காரர்கள் மின்னணுப் பொருளுக்குப் போகும் சந்து அது. முதல் பிரதியை அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டில் எழுதி, கணினியில் விஎல்சியில் ஓட்டிப் பார்த்தபின், கண்டிப்பாக டிவியோடு இணைந்த உண்மையான பிளேயரில் ரிமோட்டால் சோதிக்க வேண்டும். கீழ் அம்பை அழுத்தினால் வெளிச்சம் அடுத்த பட்டனுக்குப் போகிறதா அல்லது குறுக்கே தாவுகிறதா என்பது மவுஸால் பார்க்கும்போது தெரியாது. ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, அந்தப் பகுதி முடியும்வரை வேகமாக ஓட்டி, எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ரிமோட்டின் மெனு பட்டனையும் நடுவில் ஒரு தடவை அழுத்த வேண்டும்.

எல்லாம் சரியென்றால் ஐஎஸ்ஓ கோப்பை இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளால் எழுதலாம். பழைய பிளேயர்களுக்கு டிவிடி மைனஸ் ஆர் வட்டு பிளஸ் ஆரைவிட ஒத்துப்போகும். வேகத்தை 4 அல்லது 8 மடங்கில் வைத்து, எழுதியதைச் சரிபார்க்கும் வசதியையும் போட்டுவிட வேண்டும். காகித ஸ்டிக்கரை வட்டில் ஒட்டினால் சுழலும்போது அதிரும். ஆல்கஹால் இல்லாத மார்க்கரால் எழுதுவதே போதும். மோசர் பேயர் போன்ற பெரிய தயாரிப்பாளரே 2018ல் கலைப்பு நடவடிக்கைக்குப் போய்விட்ட நிலையில் நல்ல வெற்று வட்டு எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உறவினர் எண்ணிக்கையைவிட நாலைந்து கூடுதலாக வாங்கி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்கலாம்.

ஐஎஸ்ஓ கோப்பு, மென்பொருளின் திட்டக் கோப்பு, கிம்பில் வரைந்த மெனுப் படங்கள், கேமராவிலிருந்து வந்த மூல வீடியோ ஆகியவற்றை ஒரே கோப்புறையில் போட்டு இரண்டு வெளி வன்வட்டுகளில் வைக்க வேண்டும். ஒன்று ஹடப்சரில், மற்றொன்று ஊரில்.